மெல்லிசா இருக்கணும், சூடாவும் இருக்கணும்னா எந்த கிளவுஸ் வாங்குறது?

கேள்வி: குளிர்காலத்துல விடியக்காலைல பறவை பாக்கவும் ஃபோட்டோ எடுக்கவும் போறது என் பழக்கம். ஜீரோ டிகிரிக்குப் பக்கத்துல இருக்கும், சில நாள் மைனஸ் 5 வரைக்கும் இறங்கும், காத்தும் உண்டு. முக்கால் மணி நேரம் ஏத்தத்துல நடந்து போயி அப்புறம் ஒரே எடத்துல ரெண்டு மணி நேரம் அசையாம உக்காரணும். தடி கிளவுஸ் போட்டா கேமரா பட்டன் கைக்குத் தெரியல, மெல்லிசு போட்டா பத்து நிமிஷத்துல விரல் மரத்துப் போகுது. மெல்லிசாவும் நல்ல சூடாவும் இருக்குற மாதிரி ஒரு கிளவுஸ் சொல்லுங்க. டச் ஸ்க்ரீன் வேலை செய்யணும், வாட்டர்ப்ரூஃபா இருந்தா நல்லது. இன்னொண்ணு, நடுவிரலும் மோதிர விரலும் சில சமயம் அப்படியே வெள்ளையா வெளுத்துப் போயிடுது, அதுக்கும் கிளவுஸ்தான் காரணமா?

பதில்: வணக்கம். நீங்க கேக்குற அந்த ஒரு ஜோடிய எந்தக் கம்பெனியும் பண்றதில்லங்க. ஏத்தத்துல நடக்குறது ஒரு வேலை, ஆடாம அசையாம காத்திருக்குறது இன்னொரு வேலை, பட்டன் அமுக்குறது மூணாவது வேலை, இந்த மூணையும் ஒரே கிளவுஸ் தலைல கட்டப் பாக்குறீங்க. குளிருக்குப் போறவங்களுக்கு துணிமணி பாத்து ஃபிட் பண்ணிக் குடுக்குறதுதான் என் பொழப்பு, அதுல அதிகமா காதுல விழுற கேள்வியும் இதுவேதான், மெல்லிசா குடுங்க ஆனா சூடா இருக்கணும்னு. ரெண்டு ஜோடியா வாங்கிக்கிறேன்னு நீங்க சொன்னா நான் உதவ முடியும், ஒண்ணுதான் வேணும்னா நான் என்ன சொன்னாலும் நீங்க அடுத்த குளிர்காலத்துக்கு இதே கேள்விய வேற யார்கிட்டயாவது கேப்பீங்க.

ஏன்னு சொல்லிடுறேன். துணி தானா சூடு குடுக்குறதில்ல. துணிக்குள்ள அசையாம நிக்குற காத்துதான் நம்ம உடம்புச் சூட்ட வெளிய ஓட விடாம புடிச்சு வைக்குது, கம்பளியோ ஃப்ளீஸோ பாலியஸ்டர் பஞ்சோ எதுவா இருந்தாலும் சங்கதி இதுதான். மெல்லிசுன்னா உள்ள நிக்குற காத்து கம்மி, அவ்வளவுதான் கணக்கு. அட்டைல விண்வெளி டெக்னாலஜின்னு போட்டிருக்கலாம், சூட்ட திருப்பி அனுப்புற வெள்ளிப் பூச்சுன்னு போட்டிருக்கலாம், ரெண்டு மில்லிமீட்டர் துணி ரெண்டு மில்லிமீட்டர் துணிதான். நல்ல துணிக்கும் மட்டமான துணிக்கும் வித்தியாசம் இல்லன்னு சொல்ல வரல, அந்த வித்தியாசம் ஏத்தத்துல நடக்குறப்போ நல்லா தெரியும், மைனஸ் 5ல ரெண்டு மணி நேரம் உக்காந்தா அது காணாது. சரி தடியாவே வாங்கிட்டா? அதுலயும் ஒரு சிக்கல், விரல் மெல்லிசு உருளை, அதச் சுத்தி துணிய தடியாக்கத் தடியாக்க வெளிப்பக்கமும் கூடவே பெருசாகிட்டே போகுது, சூடு வெளியேற எடமும் கூடுது, அதனால தனித்தனி விரலா இருக்குற கிளவுஸ்ல ஒரு அளவுக்கு மேல தடி கூட்டி பெருசா லாபம் கிடையாது. நாலு விரலையும் ஒரே பைக்குள்ள போட்டு ஒண்ண ஒண்ணு சூடாக்க விடுற மிட்டன் எப்பவும் ஜெயிக்குறது இதனாலதான்.

இப்ப விரல் பக்கம் வருவோம், பாதி பேர் கோட்ட விடுற எடம் இது. விரல அசைக்குற தசைல பெரும்பங்கு விரல்ல இல்ல, முன்னங்கைல இருக்கு. விரல்ல இருக்குறது எலும்பு, தசைநார், நரம்பு, தோல், இதெல்லாம் சொந்தமா சூடு தயாரிக்கிற ஆளுங்க இல்ல, விரலுக்கு வர்ற சூடு கிட்டத்தட்ட முழுசும் ரத்தத்தோட வர்றதுதான். நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பிச்சா உடம்பு மொதல்ல கைய வெக்கிறது விரல்லதான், அங்க போற ரத்தக்குழாய சுருக்கி சூட்ட உள்ளுக்குள்ள மிச்சம் புடிக்கும். அந்த நேரத்துல கிளவுஸ் மேல கிளவுஸ் போடுறது சுடுதண்ணி வராத குழாய்க்கு துணி சுத்துற மாதிரிதான், எத்தனை சுத்து சுத்தினாலும் குழாய் சுடாது. அதனால நான் கிளவுஸ் கேட்டு வர்றவங்ககிட்ட மொதல்ல கேக்குறது உக்காருற நேரத்துல மேல என்ன போட்டிருக்கீங்கன்னு. நீங்க உங்க கடிதத்துல ஜாக்கெட் பத்தி ஒரு வார்த்தை எழுதல.

நடந்து போயி எடத்துல சேந்தவுடனே, குளிருறதுக்கு முன்னாடியே, இன்னும் மேல் மூச்சு வாங்கிட்டு இருக்கும்போதே பையில இருக்குற பஞ்சு ஜாக்கெட்ட எடுத்து மாட்டிடுங்க, தலைக்கு குல்லா, கழுத்துக்கு மஃப்ளர் இல்லன்னா பஃப்னு சொல்ற குழாய் மாதிரித் துணி. குளிர் தெரிஞ்ச பிறகு போடலாம்னு உக்காந்தா விரலுக்கு ரத்தம் ஏற்கனவே குறைஞ்சிருக்கும், திரும்ப வர வெக்க அரை மணி நேரம் போராடணும். மணிக்கட்ட மறக்காதீங்க. நாடி புடிச்சு பாக்குற எடம் அது, ரத்தக்குழாய் தோலுக்கு அடுத்தாப்லயே ஓடுது, ஜாக்கெட் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை தோல் தெரிஞ்சா விரலுக்குப் போற ரத்தம் அங்கயே சில்லிட்டுப் போகும். கிளவுஸ் கை நீளமா இருக்கணும், ஜாக்கெட் கைக்கு உள்ள போற அளவுக்கு. அது கிடைக்கலன்னா ஒரு பழைய கம்பளி சாக்ஸோட கால் பகுதிய வெட்டி மணிக்கட்டுல மாட்டிக்கிட்டாலும் போதும், பாக்க நல்லா இருக்காது, பறவைங்க ஒண்ணும் நினைச்சுக்காது.

பத்து நிமிஷத்துல மரத்துப் போகுதுன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அதுல வேர்வை மேலதான் சந்தேகம். ஏத்தத்துல முக்கால் மணி நேரம் கிளவுஸ் போட்டுக்கிட்டே நடக்குறீங்கதானே? உள்ளங்கை வேர்க்கும், உங்களுக்குத் தெரியாது ஏன்னா நடக்குற வரைக்கும் சூடா இருக்கு. உக்காந்ததும் அந்த ஈரம் வேலைய காட்டும், தண்ணி காத்த விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா சூட்ட கடத்தும், துணில காத்து நிக்க வேண்டிய எடத்துல தண்ணி நின்னா அப்புறம் அந்த கிளவுஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால ஏத்தத்துல கை சூடானதும் கிளவுஸ கழட்டி ஜாக்கெட் உள்பக்க நெஞ்சுப் பாக்கெட்டுல போடுங்க, வெளிப்பக்கப் பாக்கெட்டுல வேணாம் அங்க அது ஐஸாயிடும். கழட்ட முடியாத அளவுக்கு காத்துன்னா ஏற்றதுக்கு மட்டும்னு ஒரு லேசான ஜோடி வச்சுக்கிட்டு, மேல போயி அத உருவி வேர்வைய துடைச்சிட்டு காஞ்ச ஜோடி மாத்துங்க. இது ஒண்ண செஞ்சு பாத்துட்டு அப்புறமா புதுசு வாங்கணுமான்னு யோசிங்க, சில பேருக்கு இதுலயே பாதி பிரச்சனை தீந்து போகுது.

சரி, வாங்குறதுன்னா மெல்லிசுல எது? மெரினோங்கிற ஆட்டோட கம்பளில பின்னின லைனர், அதாவது உள்ள போடுற மெல்லிசு கிளவுஸ், எனக்குப் பிடிக்கும், தன் எடைல சுமார் மூணுல ஒரு பங்கு ஈரத்த நூலுக்குள்ளயே இழுத்து வச்சுக்கும், தொட்டா ஈரம்னு தெரியாது, நாத்தமும் சீக்கிரம் புடிக்காது. ஆனா தேயும். ட்ரைபாட் ஸ்க்ரூ திருகுறது, பை ஜிப் இழுக்குறதுன்னு இருந்தா ஆள்காட்டி விரல் நுனில சீக்கிரமே ஓட்டை விழும், சுத்த மெரினோ வாங்காம நைலான் கலந்தத வாங்குங்க. ஸ்ட்ரெட்ச் ஃப்ளீஸ் அடுத்தது, உள்பக்கம் புசுபுசுன்னும் வெளிப்பக்கம் வழவழன்னு நெருக்கமா பின்னியும் இருக்கும், சீக்கிரம் காயும், கேமரா வேலைக்கு நான் பெரும்பாலும் கைல எடுத்துக் குடுக்குறது இதத்தான். காட்டன் கிளவுஸ் மட்டும் வேணவே வேணாம், ஈரம் புடிச்சா காயாது.

காத்து இருக்குன்னு சொல்றீங்க, அங்கதான் விஷயம் மாறுது. ஜீரோ டிகிரில மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா தோலுக்கு அது மைனஸ் 6 மாதிரி, மைனஸ் 5ல அதே காத்துன்னா மைனஸ் 13 மாதிரி. வெறும் பின்னல் லைனர்ல காத்து உள்ள பூந்து வெளிய வந்துடும், அதுல புடிச்சு வச்ச சூடெல்லாம் அதோட போயிடும். கடைல கிளவுஸ வாய்க்குப் பக்கத்துல வச்சு ஊதிப் பாருங்க, அந்தப் பக்கம் மூச்சுக் காத்து கைல தெரிஞ்சா அது தனியா போடுற கிளவுஸ் இல்ல, உள்ள போடுற லைனர்தான். புறங்கைப் பக்கம் மட்டும் காத்து தடுக்குற துணியும் உள்ளங்கைப் பக்கம் மெல்லிசான ஆட்டுத்தோலோ ரப்பர் புள்ளியோ வச்ச மாடல் கிடைச்சா உங்க வேலைக்கு அதுதான் சரியா வரும், ஆட்டுத்தோல் மெல்லிசா இருந்தும் கிழியாது, டயல் திருகுறது கைக்கு நல்லா தெரியும்.

ஃபிட்டுக்கு கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க. கட்டைவிரல விட்டுட்டு உள்ளங்கை அகலமா இருக்குற எடத்துல டேப் சுத்தி அளந்து பாருங்க, நிறைய கம்பெனில சைஸ் நம்பருன்னு போட்டிருக்குறது அந்தச் சுத்தளவு இன்ச்சுல, 8ன்னா சுமார் 20 சென்டிமீட்டர். நம்பர மட்டும் நம்பி வாங்காதீங்க, ஒரே சுத்தளவுல நீள விரலும் இருக்கும் குட்டை விரலும் இருக்கும். போட்டுக்கிட்டு முஷ்டிய நல்லா மூடுங்க. நுனி விரல அழுத்துச்சுன்னா அந்த எடத்துல துணி நசுங்கி காத்து போயிடுது, ரத்தமும் தடைபடுது, டைட்டான மெல்லிசு கிளவுஸ் லூஸான மெல்லிசு கிளவுஸ விட சில்லுன்னு இருக்குறது இப்படித்தான். அதே நேரம் நுனில துணி மடங்கி தொங்கினா ஷட்டர் எங்க இருக்குன்னு தெரியாது. விரல் இடுக்குல துணி ஒட்டி உக்காரணும், நுனில லேசா எடம் இருக்கணும், தையல் விரல் நுனிக்கு நேரா வராம நகப் பக்கமா போயிருக்கணும், ஏன்னா நீங்க பட்டன தொடுறது அந்த நுனியாலதான். கூச்சப்படாம உங்க கேமராவ கடைக்கே எடுத்துட்டுப் போங்க, கண்ண மூடிக்கிட்டு ஃபோகஸ் பட்டனும் பின்னாடி சக்கரமும் தேடிப் பாருங்க, கைக்குத் தட்டுப்பட்டா வாங்குங்க, இல்லன்னா எவ்வளவு ஆஃபர் போட்டாலும் வெச்சுட்டு வந்துடுங்க.

இப்ப ரெண்டாவது ஜோடி, உண்மைல சூடு குடுக்கப் போறது இதான். லைனர் போட்ட கை தாராளமா உள்ள போற மாதிரி ஒரு பஞ்சு மிட்டன், காத்து தடுக்குற மேல் துணியோட. கைப்பக்கம் அகலமா இருக்கணும், இன்னொரு கை உதவி இல்லாம உள்ள நுழையணும், வெல்க்ரோ வேணாம், கரகரன்னு சத்தம் போட்டு உங்க பறவைய விரட்டிடும். தின்சுலேட், ப்ரைமாலாஃப்ட் மாதிரி பஞ்சு வச்சதுல லேபிள்ல 60, 100, 150ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சுன்னு, எத்தனை டிகிரி தாங்கும்னு நினைச்சுடாதீங்க. அசையாம உக்காருறவங்களுக்கு நான் 100க்குக் கீழ குடுக்குறதில்ல, புறங்கைப் பக்கம் 150ம் அதுக்கு மேலயும் இருந்தா நல்லது. தொழிற்சாலை வேலைக்குன்னு வர்ற கிளவுஸ்ல பனிச்செதில் படம் போட்டு கீழ மூணு எண் இருந்தா அது ஐரோப்பால இ.என். 511ங்கிற தரம், மொதல் எண் காத்துக் குளிர், ரெண்டாவது சில்லுன்னு இருக்குற பொருள தொடுற குளிர், ரெண்டும் 0லேர்ந்து 4 வரைக்கும், மூணாவது தண்ணி. ஸ்போர்ட்ஸ் கிளவுஸ்ல இத அதிகமா பாக்க முடியாது, இருந்தா ஒப்பிட உதவும்.

மிட்டன்ல கண்டிப்பா கயிறு வேணும், மணிக்கட்டுல மாட்டுற எலாஸ்டிக்கோ கழுத்து வழியா ஜாக்கெட் கைக்குள்ள ஓடுற நாடாவோ. எப்படி பயன்படுத்துறதுன்னா, காத்திருக்குறப்போ ரெண்டு கையும் மிட்டனுக்குள்ள இருக்கட்டும், கேமரா ட்ரைபாட்லயோ மடிலயோ கெடக்கட்டும். பறவை வந்ததும் வலது கைய மட்டும் வெளிய உருவுங்க, மிட்டன் கயிறுல தொங்கும், கீழ விழாது, நீங்க குனிஞ்சு தேட வேண்டியதில்ல, லைனர் விரலோட ஷட்டர அமுக்குங்க, வேலை முடிஞ்சதும் மிட்டன் வாய கீழ பாத்த மாதிரி புடிச்சு கைய திரும்ப உள்ள விடுங்க, மேல பாத்த மாதிரி தொங்க விட்டா பனித்தூள் உள்ள போயி உக்காந்துக்கும். ஆரம்பத்துல ரெண்டு மூணு ஷாட் தவறும், அப்புறம் கை தானா பழகிடும். இடது கைய வெளிய எடுக்கவே வேணாம், லென்ஸ மிட்டனோடயே தாங்கலாம். விரல் நுனிய மடிச்சுத் திறக்குற மாதிரி மிட்டன் வருதே அது பத்தி கேப்பீங்க, எனக்கு அதுல அவ்வளவு நம்பிக்கை இல்ல, மடிக்கிற எடத்துல எப்பவும் ஒரு கீறல் வழியா காத்து வரும், ஆனா உள்ள லைனரோட போட்டா பரவாயில்ல ரகம்.

வாட்டர்ப்ரூஃப் ஆசைய விட்டுடுங்கன்னுதான் சொல்வேன், அதுவும் மெல்லிசுல. உள்ள ஒரு பிளாஸ்டிக் சவ்வு தனிப் பையாட்டம் வைக்கிறாங்க, அது வந்ததும் விரல் நுனி மொத்தையாகிடும், வேர்வை வெளிய போறது குறையும், ஈரக் கைய வேகமா உருவினா உள் துணி கையோடவே வெளிய வந்து அப்புறம் விரல திரும்ப நுழைக்கவே முடியாது. காய்ஞ்ச குளிர்ல தண்ணி வெளில இருந்து வரப்போறதில்ல, உள்ள இருந்துதான் வருது. ஈரப் பனியோ மழையோ வர்ற நாளுக்கு மட்டும் பஞ்சு இல்லாத மெல்லிய ரெயின் மிட்டன் ஷெல் ஒண்ணு பையில கெடக்கட்டும், மடிச்சா கைக்குட்டை அளவுதான்.

டச் ஸ்க்ரீன் சின்ன விஷயம். நம்ம விரல் மின்சாரத்த கடத்துற தன்மைய வச்சுதான் அந்த ஸ்க்ரீன் தொடுறத கண்டுபிடிக்குது, அதனால விரல் நுனில வெள்ளி பூசின நூலோ வேற கடத்துற நூலோ பின்னியிருப்பாங்க. தேய்ஞ்சா நின்னுடும், குளிர்ல தோல் ரொம்ப வறண்டாலும் தகராறு பண்ணும். கேமராவ பட்டனாலயே ஓட்டுற மாதிரி செட்டிங் போட்டுட்டு இத ஒரு காரணமா வச்சு கிளவுஸ் தேர்ந்தெடுக்காம இருந்தா நல்லது.

கைல தொடுற சாமானையும் பாருங்க. அலுமினிய ட்ரைபாட் கால வெறும் லைனரோட புடிச்சு தூக்கிட்டு நடந்தா அது கைச்சூட்ட உறிஞ்சி எடுத்துடும், மேல் பகுதில ஃபோம் சுத்தி டேப் ஒட்டிடுங்க. பிரிச்சா சூடாகுற வார்மர் பாக்கெட் போடுறதா இருந்தா உள்ளங்கைல வேணாம், புடிப்பு போயிடும், மணிக்கட்டு உள்பக்கம் லைனருக்கு மேல, இல்லன்னா மிட்டனுக்குள்ள புறங்கைப் பக்கம். அதுக்குள்ள இருக்குறது இரும்புத்தூள், காத்து பட்டு துருப்புடிக்கிறப்போதான் சூடு வருது, அதனால முன்கூட்டியே பிரிச்சு கொஞ்ச நேரம் வெளில வச்சுட்டு அப்புறம் உள்ள போடுங்க, பிரிச்ச வேகத்துல காத்து புகாத எடத்துல அடைச்சா சூடு ஏறாது. நேரா தோல்ல வைக்காதீங்க, மரத்த விரலுக்கு சுடுறது தெரியாது, தீக்காயம் வந்துடும். பேட்டரி கிளவுஸும் இருக்கு, நல்லாவே வேலை செய்யும், ஆனா மெல்லிசு இல்ல, குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், உங்களுக்கு இப்போதைக்கு தேவைப்படாது.

அப்புறம் கை விறைச்சிருச்சுன்னா தேய்க்காதீங்க, ஊதாதீங்க, ஊதுற மூச்சுல ஈரம் இருக்கு. எழுந்து நின்னு ரெண்டு கையையும் தோள்லேர்ந்து பெருசா சுத்துங்க, அந்த வீச்சுல ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும், அப்புறம் அக்குள்ள வச்சுக்குங்க. தோல் மெழுகு மாதிரி வெளுத்து, கெட்டியாகி, தொட்டா ஒண்ணுமே தெரியலன்னா பறவைய விட்டுட்டு கீழ இறங்குங்க. அது உறைஞ்சு போற அறிகுறி, நெருப்புல காட்டவே கூடாது, 37லேர்ந்து 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணிலதான் சூடாக்கணும், அதுவும் திரும்ப உறையாதுன்னு நிச்சயமா தெரிஞ்ச எடத்துக்கு வந்த பிறகுதான், உடனே மருத்துவ உதவியும் வேணும்.

கடைசியா அந்த வெளுக்குற விரல். உங்க கடிதத்துல எனக்கு முக்கியமா பட்டது அதுதான். ஒண்ணு ரெண்டு விரல் மட்டும் கோடு கிழிச்ச மாதிரி வெள்ளையாகி, அப்புறம் நீலம் ஓடி, சூடு வர்றப்போ சிவந்து குத்துற மாதிரி வலிச்சா அது ரேனாடு பிரச்சனையா இருக்கலாம், விரல் ரத்தக்குழாய் குளிருக்கு அளவுக்கு மீறி சுருங்குறது. மாரிஸ் ரேனாடுங்கிற ஃப்ரெஞ்சு டாக்டர் 1862லயே எழுதி வச்சது, நிறைய பேருக்கு இருக்கு, பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் ஆபத்தில்லாத வகைதான். ஆனா சில சமயம் வேற நோயோட சேந்து வரும், சில மாத்திரைகளாலயும் வரும், அதிர்ற மெஷின் புடிச்சு வேலை செய்றவங்களுக்கும் வரும், அதனால அத கிளவுஸ் மாத்தி தீத்துடலாம்னு இருக்காதீங்க, நான் கிளவுஸ்காரன், அது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம். சிகரெட் பழக்கம் இருந்தா அது நிலைமைய மோசமாக்கும், நிக்கோட்டின் அதே குழாயத்தான் சுருக்குது. இது இருக்குறவங்களுக்கு நான் மேல சொன்ன மிட்டன் விருப்பம்லாம் இல்ல, கட்டாயம், அதுவும் வீட்ட விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே கை சூடா இருக்குறப்போ போட்டுடணும், வெளுத்த பிறகு போட்டு திரும்ப சூடாக்குறது கஷ்டம். அடுத்த தடவை விரல் வெளுக்குறப்போ அப்படியே ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்குங்க, டாக்டர் முன்னாடி போயி உக்காருறப்போ ரூம் சூட்டுல விரல் நார்மலாதான் இருக்கும், காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது.